ஏஜென்ட் மேல் வழக்கா? முதலில் பாஸ்புக்கைத் திறங்கள்

கேள்வி: எனக்கு 66 வயது, மனைவிக்கு 61. மத்திய அரசுப் பணியிலிருந்து 2019-இல் ஓய்வு பெற்றேன். 2022 முதல் தாய்லாந்தில் சியாங் மாய் நகரில் குடியிருக்கிறோம். ரிட்டயர்மென்ட் எக்ஸ்டென்ஷன் (ஓய்வு பெற்றவர்கள் தங்குவதற்கான ஓராண்டு அனுமதி நீட்டிப்பு) என் பெயரில், மனைவி என்னைச் சார்ந்தவராக. மகன் பெருங்குடியில் ஃபிளாட் வாங்கியபோது இங்கே வங்கியில் வைத்திருந்த 8 லட்சம் பாத்தில் பாதிக்கு மேல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். போன வருடம் எங்கள் ஊர்க்கார ஏஜென்ட் ஒருவர் என் கணக்கில் பணம் போட்டுக் காட்டி, வேறு மாகாணத்தில் முத்திரை வாங்கித் தந்தார். இந்த வருடமும் அதே வேலைக்காக அவருடைய சென்னைக் கணக்குக்கு 82,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு இப்போது முடியாது என்கிறார். 50,000 மட்டும் திருப்பித் தருவாராம். எங்கள் இருவர் பாஸ்போர்ட்டும் அவரிடம்தான். அனுமதி நவம்பர் 21-இல் முடிகிறது. கணக்கில் 3 லட்சத்து 10 ஆயிரம் பாத் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர் இப்படிச் செய்யலாமா? இமிகிரேஷனில் விசாரிக்கப் போனால் அந்த அதிகாரி முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. இதே ஏஜென்ட் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரருக்கு முடித்துக் கொடுத்திருக்கிறார். அவர் மேல் போலீஸ் புகார், நுகர்வோர் வழக்கு இரண்டும் போட நினைக்கிறேன். சென்னையில் உள்ள டெபாசிட்டை உடைத்து அனுப்பலாமா? ரீ-என்ட்ரி பெர்மிட் (வெளியே போய்த் திரும்பி வருவதற்கான அனுமதி) வாங்கிக்கொண்டு ஒரு நடை வெளியே போய் வந்தால் சரியாகுமா?

பதில்: உங்கள் கடிதத்தின் தேதி அக்டோபர் 9. அனுமதி முடிவது நவம்பர் 21. இடையில் 43 நாள். வங்கிப் பணத்தைக் காட்டிப் பெறும் எக்ஸ்டென்ஷனுக்கு, விதிப்படி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 2 மாதமும் உங்கள் பெயரிலுள்ள தாய்லாந்து வங்கிக் கணக்கில் 8 லட்சம் பாத் குறையாமல் இருந்திருக்க வேண்டும். நாளைக் காலையிலேயே முழுப் பணமும் வந்து சேர்ந்தாலும் 2 மாதம் நிறைவது டிசம்பரில். ஆகவே இந்த வழியில் இந்த வருட எக்ஸ்டென்ஷன் உங்களுக்குக் கிடைக்காது. ஏஜென்ட் நல்லவரா கெட்டவரா, அதிகாரி மரியாதையாகப் பேசினாரா, ஜெர்மன்காரருக்கு எப்படிக் கிடைத்தது, மகன் பணத்தைத் திருப்பித் தருவாரா என்பவற்றில் எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கடிதத்தில் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்திருக்கிறீர்கள். போன வருடம் கணக்கில் காட்டிய பணம் உங்களுடையதல்ல. 2019 மார்ச்சுக்குப் பிறகு, எக்ஸ்டென்ஷன் கிடைத்த பின்னும் 3 மாதம் அந்த 8 லட்சத்தைத் தொடக்கூடாது, மீதி மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது விதி. ஏஜென்ட் பணம் பாஸ்புக்கில் எப்படி இருக்கும் என்று பாருங்கள்: ஒரு வரியில் உள்ளே, அடுத்த வரியிலோ அதற்கடுத்த வரியிலோ வெளியே, தேதி வித்தியாசம் ஓரிரு நாள். அதன் கீழே வருடம் முழுவதும் 3 லட்சத்துச் சொச்சம். இமிகிரேஷன் கவுன்டரில் உள்ளவருக்கு அந்தப் பக்கத்தைப் படிக்க அரை நிமிடம் போதும். நீங்கள் குடியிருப்பது சியாங் மாய், முத்திரை வேறு மாகாணம் என்பது அடுத்த கேள்வி.

இப்போது உங்கள் வழக்குக்கு வருகிறேன். சென்னையில் புகார் கொடுத்தால் மோசடிக்கான பிரிவில், பழைய 420-க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 318-இல், பதிவு செய்யச் சொல்வீர்கள். விசாரணை அதிகாரியின் முதல் கேள்வி: “எதற்காகப் பணம் கொடுத்தீர்கள்?” உண்மையான பதில், “என் கணக்கில் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டுவதற்கு.” இதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் அது உங்கள் வாக்குமூலம். நுகர்வோர் ஆணையத்திலும் இதே சிக்கல்தான். சட்டவிரோத நோக்கத்துக்காகச் செய்த ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23-இன்படி செல்லாது. அந்த வேலை நடக்கவில்லை என்று பணத்தைத் திரும்பக் கேட்டு நிற்பவருக்கு எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளிலேயே எடுத்து வீசும் வாதம் அது. உங்கள் வாட்ஸ்அப் உரையாடலையே அவர் ஆதாரமாகத் தாக்கல் செய்வார்.

எனவே 50,000 ரூபாயை வாங்கிக்கொள்ளுங்கள். மீதி 32,000-ஐ விட்டுவிடுங்கள். உங்களுக்கு இது கசக்கும், தெரிகிறது. ஆனால் அந்த 32,000-க்காக நீங்கள் தொடங்கும் வழக்கில் முதலில் அம்பலமாகப் போவது உங்கள் பாஸ்புக்.

சமரசத்துக்கு ஒரே நிபந்தனை போதும்: இரண்டு பாஸ்போர்ட்டும் இந்த வாரத்திலேயே உங்கள் கைக்கு வர வேண்டும், பணம் அதற்குப் பிறகு வந்தாலும் பரவாயில்லை. பாஸ்போர்ட் சட்டம் பிரிவு 17-இன்படி பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. பாக்கித் தகராறுக்காக அதைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமையில்லை. இதை நிதானமாக ஒரே செய்தியில் எழுதி அனுப்புங்கள். மிரட்ட வேண்டாம். தராவிட்டால் சியாங் மாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு உடனே போங்கள். மாற்று ஆவணம் வாங்க நாள் பிடிக்கும், உங்களிடம் நாள் அதிகமில்லை.

பாஸ்போர்ட் வந்ததும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் படுகுழியில் விழுவது இந்த இடத்தில்தான். முடியாது என்று சொன்ன ஏஜென்ட் கடைசி வாரத்தில் திடீரென்று முடித்துவிட்டேன் என்று முத்திரையோடு கொண்டு வந்து கொடுப்பார். நீங்கள் எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை, யாரும் உங்களைப் படம் எடுக்கவில்லை, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவில்லை. அப்படியிருந்தும் அடுத்த வருடம் வரைக்கும் தேதி போட்டிருக்கும். அது போலியாக இருந்தால் தெரிய வருவது விமான நிலைய கவுன்டரிலோ, குடியிருக்கும் முகவரியை இமிகிரேஷனுக்குத் தெரிவிக்கும் 90 நாள் அறிக்கை கொடுக்கப் போகும் அன்றோதான். போலி அரசு முத்திரையைப் பயன்படுத்துவது தாய்லாந்தில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். “எனக்குத் தெரியாது, ஏஜென்ட் செய்தது” என்ற வாதம், பணம் கட்டிய ரசீது உங்கள் ஃபோனில் இருக்கும்போது எடுபடாது. புது முத்திரை ஏதாவது கண்ணில் பட்டால் அதை வைத்துக்கொண்டு எங்கும் பயணம் கிளம்பாமல், உள்ளூர் தாய் வழக்கறிஞரை அழைத்துக்கொண்டு போய் விவரத்தைச் சொல்லுங்கள்.

இன்னொரு பேச்சும் காதில் விழும்: “தேதி தாண்டினால் என்ன, ஏர்போர்ட்டில் நாளைக்கு 500 பாத் கட்டினால் விட்டுவிடுவார்கள்.” அபராதம் நாளுக்கு 500, உச்சவரம்பு 20,000 பாத் என்பது உண்மை. அது நீங்களாக விமான நிலையத்துக்குப் போய் நிற்கும் வரைக்கும்தான். அதற்கு முன்பு வழிச் சோதனையிலோ, வீட்டு விசாரணையிலோ பிடிபட்டால், தாண்டியது ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தாலும் 5 வருடம் நாட்டுக்குள் நுழையத் தடை. 66 வயதில் 5 வருடத் தடை என்றால் அங்கே உள்ள வீடு, சாமான், வங்கிப் பணம் எல்லாவற்றையும் இங்கிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 21-க்கு முன்பே இருவரும் சென்னைக்குக் கிளம்புங்கள். கடைசி நாள் விமானம் எடுக்க வேண்டாம். 17-ஆம் தேதிக்குள் கிளம்பிவிட்டால் விமானம் ரத்தானாலும் கையில் நாள் இருக்கும். ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு 1,000 பாத் கட்டாதீர்கள். அது பழைய முத்திரையின் தேதியைத்தான் காப்பாற்றும். உங்களுக்கோ அந்த முத்திரை ஒழிய வேண்டும். பெர்மிட் இல்லாமல் வெளியேறினால் எக்ஸ்டென்ஷன் தானாக முடிந்துவிடும், மனைவியுடையதும் சேர்த்து. பிறகு சென்னையிலிருந்து ஆன்லைனில் புதிதாக, ஓய்வு பெற்றவர்களும் கேட்கக்கூடிய 90 நாள் நான்-இமிகிரன்ட் ஓ விசாவுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தில் கேட்கும் எதற்கும் பொய் எழுதாதீர்கள். ஓ-ஏ என்ற நீண்ட நாள் தங்கும் விசா வாங்கினால் ஒரேயடியாக ஒரு வருடம் கிடைக்குமே என்று சென்னையில் சிலர் சொல்வார்கள். அதற்கு 30 லட்சம் பாத் மருத்துவக் காப்பீடு வேண்டும், ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் அது தொடர வேண்டும். உங்கள் வயதில் அந்தப் பிரீமியத்தை விசாரித்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

புது விசாவில் நாள் கணக்கு இப்படி வரும். ஜனவரி 5-இல் நுழைந்தால் 90-ஆம் நாள் ஏப்ரல் 4. எக்ஸ்டென்ஷன் மனுவைக் கடைசி 30 நாளில் வாங்குவார்கள், அதாவது மார்ச் முதல் வாரத்திலிருந்து. 2 மாதம் நிறைய வேண்டுமானால் பணம் ஜனவரி முதல் வாரத்திலேயே கணக்கில் இருக்க வேண்டும். பிப்ரவரி 10-க்கு வந்தால் 2 மாதம் முடிவதற்குள் விசா முடிந்துவிடும், மறுபடி பெட்டி கட்ட வேண்டியதுதான். பழைய கணக்கை மூட வேண்டாம். அதிலுள்ள 3 லட்சத்து 10 ஆயிரத்தோடு இன்னும் 5 லட்சம் பாத் டிசம்பரிலேயே வந்து சேரட்டும்.

அந்த 5 லட்சம் எங்கிருந்து வருகிறது என்பதில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. 2022 முதல் வெளிநாட்டில் குடியிருக்கிறீர்கள், ஆனால் சென்னைச் சேமிப்புக் கணக்கும் டெபாசிட்டும் இன்னும் உள்நாட்டில் வசிப்பவர் என்ற தகுதியில்தானே இருக்கின்றன? அதை உடைத்து, தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஏ2 என்ற வங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், இந்தியாவில் வசிக்கிறேன் என்று பொய் உறுதிமொழி கொடுத்ததாகும். வருடத்துக்கு 2.5 லட்சம் டாலர் என்ற அந்தத் திட்டத்தின் வரம்பு உள்நாட்டில் வசிப்போருக்கு மட்டுமே. ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் பிரிவு 13-இல் அபராதம் தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம். சென்னைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கணக்கை என்ஆர்ஓ-வாக (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய ரூபாய்க் கணக்காக) மாற்றுங்கள். அதிலிருந்து வரி கட்டிய விவரத்தோடு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம், ஆடிட்டர் சான்று வேண்டும். இதற்குச் சில வாரம் பிடிக்கும் என்பதால்தான் நவம்பரிலேயே வரச் சொல்கிறேன். தாமதமானால் மகன் தன் வரம்பிலிருந்து அனுப்பட்டும். உங்கள் பணத்தில் ஃபிளாட் வாங்கியவர் அவர்தானே. 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும், அதை அவர் தன் வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம்.

எந்த வழியில் அனுப்பினாலும் வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடிப் பரிமாற்றமாக இருக்கட்டும். பாங்காக் பேங்க் பாஸ்புக்கில் வெளிநாட்டிலிருந்து வந்த பணம் எஃப்டிடி என்ற குறியோடு விழும். சில செயலிகள் வழியாக அனுப்பினால் உள்ளூர் வரவு போலப் பதிவாகிவிடும், பிறகு அது வெளிநாட்டுப் பணம்தான் என்று நிரூபிக்க வங்கியில் தனிக் கடிதத்துக்கு அலைய வேண்டும். டெபாசிட் 2024 ஜனவரி 1-க்கு முன்பே இருந்த சேமிப்பு என்பதற்கான வங்கி அறிக்கையையும் எடுத்து வையுங்கள். வருடத்தில் 180 நாள் அங்கே தங்குபவர் கொண்டு வரும் வெளிநாட்டு வருமானத்துக்கு அந்தத் தேதி முதல் தாய்லாந்து வரி உண்டு, பழைய சேமிப்புக்கு இல்லை.

எக்ஸ்டென்ஷன் கிடைத்த பின் அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டை வங்கியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டுச் செலவுக்கு வேறு கணக்கு திறங்கள். மூட்டு ஆபரேஷன், பேரன் காதுகுத்து என்று ஏதோ ஒரு நல்ல காரணத்துக்காக மூன்றாவது மாதத்தில் 20,000 பாத் எடுத்து, ஒரே வாரத்தில் திருப்பிப் போட்டவர்களும் அடுத்த வருடம் மாட்டியிருக்கிறார்கள். திருப்பிப் போட்டது கணக்கில் வராது, குறைந்த நாள்தான் பாஸ்புக்கில் நிற்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பணம் உங்கள் ஒருவர் பெயரில், மனைவியின் அனுமதி உங்கள் அனுமதியில் தொங்குகிறது. உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் அவருடைய அனுமதிக்கு அடிப்படை போய்விடும், வங்கிக் கணக்கும் முடங்கும். சென்னையில் வாங்கிய வாரிசுச் சான்றிதழை நீட்டினால் தாய் வங்கி பணம் தராது, அங்குள்ள நீதிமன்றம் நியமித்த நிர்வாகி வேண்டும். மனைவி இந்த விசாவுக்கான 50 வயதைக் கடந்துவிட்டார், தன் பெயரிலேயே முழு விசா பெறலாம். அதற்குத் தனியாக இன்னொரு 8 லட்சம் பாத் வேண்டும். அது இயலாது என்றால், ஜனவரியில் அங்கே போனதும் தாய்லாந்துச் சொத்துக்கு மட்டுமான உயில் ஒன்றைத் தாய் மொழியில் எழுதி, தேதி போட்டு, இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்கக் கையெழுத்திடுங்கள். மனைவி சாட்சியாக இருக்கக்கூடாது, அவரையே நிர்வாகியாகக் குறிப்பிடுங்கள்.