டைல்ஸ் பட்டறைக்கு ஆல்-இன்-ஒன் சரிப்படுமா?

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறோம். பில் போட, டாலி (கணக்கு மென்பொருள்) பார்க்க, வருகிறவர்களுக்கு டிசைன்களைத் திரையில் காட்ட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். 40,000 ரூபாய்க்குள் திரையும் கம்ப்யூட்டரும் ஒன்றாக வரும் ஆல்-இன்-ஒன் வாங்கலாமா, தனிப்பெட்டியாக வரும் டவர் மாடலே மேலா?

பதில்: எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கல் வார்க்கும் கொட்டகையை ஒட்டிய மேசை என்றால் ஆல்-இன்-ஒன் வேண்டாம். வீட்டு முகப்பில் கதவு சாத்திய அறை என்றால் தாராளமாக வாங்கலாம்.

காரணம் சிமெண்ட் தூசி. ஆல்-இன்-ஒன் என்பது திரையின் முதுகில் ஒட்டிய லேப்டாப் மாதிரி. உள்ளே தட்டையான சின்ன ஃபேன், அதன் வாயில் நெருக்கமான மெல்லிய உலோகத் தகடுகள். வீட்டுத் தூசி அதில் பஞ்சாகப் படியும், ஊதினால் போய்விடும். சிமெண்ட் தூசியோ ஐப்பசி ஈரத்தை இழுத்துக்கொண்டு தகடுகளுக்கிடையே கெட்டிப்பட்டுவிடும். காற்று அடைபட்டதும் பிராசசர் சூடாகி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாலி திறக்கவே நேரமாகும். வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மாற்றிப் போடுவார்கள், பலன் இருக்காது. டவரில் பக்க மூடியின் இரண்டு திருகைக் கழற்றி ப்ளோவர் அடித்தால் பத்து நிமிட வேலை (இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் போய்விடும்). ஆல்-இன்-ஒன்னில் பின்மூடி பிளாஸ்டிக் கொக்கிகளில் நிற்கும். சிலவற்றில் திரையைக் கழற்றினால்தான் ஃபேனே கண்ணில் படும்.

இன்னொரு குறை, ஒன்று போனால் எல்லாம் முடங்கும். போர்டு போனால் நல்ல திரையும் சும்மா நிற்கும். எச்டிஎம்ஐ ‘இன்’ (வெளியிலிருந்து படத்தை வாங்கும் துளை) இருந்தால் அதைப் பிறகு வெறும் மானிட்டராகவாவது வைத்துக்கொள்ளலாம். மலிவு மாடல்களில் பெரும்பாலும் ‘அவுட்’ மட்டும்தான், கேட்டு வாங்குங்கள்.

ஆல்-இன்-ஒன்னின் லாபம் மின்சாரத்தில். பில்லிங் வேலைக்கு 30 முதல் 50 வாட்தான் இழுக்கும். 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி உள்ள 600 விஏ யுபிஎஸ், பேட்டரி புதிதாக இருந்தால், முக்கால் மணி நேரம் ஓட்டும். மின்தடைக்கு நடுவே பில்லை முடித்துக் கொடுக்க அது போதும்.

பிராசசரில் இன்டெல் ஐ3-1215யு கிடைத்தால் யோசிக்காதீர்கள். இன்டெல்லின் மலிவு பிராசசரான என்100 பில்லிங்குக்குப் போதும். கோரல்டிராவில் டிசைன் வரைவதாக இருந்தால் திணறும். ரைசன் 3 7320யு என்றிருந்தால் ராம் (நினைவகம்) போர்டிலேயே பற்றவைத்தது, பிறகு கூட்ட முடியாது. 16 ஜிபியாகவே வாங்க வேண்டும். மற்றவற்றில் 8 ஜிபியில் தொடங்கலாம், ராம் ஸ்லாட் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். சேமிப்பு எஸ்எஸ்டியாகவே இருக்கட்டும். ‘1 டிபி’ என்று ஹார்ட் டிஸ்க்கை மட்டும் வைத்து விற்பதைத் தொடாதீர்கள்.

நம் வீட்டுக் கனத்த சுவர்களைத் தாண்டி வைஃபை தேய்ந்துதான் வரும். லேன் போர்ட் உள்ளதாக எடுத்து, ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்துவிடுங்கள். பழைய வயரிங்கில் எர்த் இல்லாவிட்டால் அடாப்டரின் கசிவு மின்சாரத்தால் உலோக ஸ்டாண்டைத் தொடும்போது சுறுசுறுவென்று இருக்கும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கும் மாற்றியைப் போடாமல், எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

உங்கள் தொழிலுக்கு முக்கியம் திரையின் நிறம். விலை குறைந்தவற்றில் ‘45% என்டிஎஸ்சி’ (திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதன் அளவு) என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். காவிச் சிவப்பு அதில் செங்கல் தூள் போல வெளிறித் தெரியும். ஐபிஎஸ் (ஒரு வகைத் திரை) என்ற ஒரு சொல்லை நம்பி ஏமாறாதீர்கள், அது பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கும் நிறம் மாறாமல் இருப்பதைத்தான் சொல்கிறது. எஸ்ஆர்ஜிபி (கம்ப்யூட்டர் படங்களுக்கான பொது நிற அளவுகோல்) 100 சதவீதத்தை ஒட்டியதாகத் தேடுங்கள். கடைக்குப் போகும்போது உங்கள் கல் ஒன்றைப் பையில் எடுத்துப்போய், அதன் படத்தைத் திரையில் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.