உலகின் தலைசிறந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் யார்?

என் பதில், 1930, 40களின் அமெரிக்க உலகச் சாம்பியன் ஜோ லூயிஸ். டர்பனுக்கு அருகே சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த ஒருவன் இப்படிச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதை அறிந்தே எழுதுகிறேன். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றி முடித்து உட்கார்ந்து பேசும்போது குத்துச்சண்டைப் பேச்சு எழுந்தால், என் தாத்தா தலைமுறையினருக்கு முகம்மது அலி என்ற ஒரே பெயர்தான் வாயில் வரும். அதற்கு அவர்கள் வைத்திருந்த காரணம் உயர்ந்தது. நிறவெறி அரசின் குடியிருப்புச் சட்டத்தால் சொந்த வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட மக்களுக்கு, 1967இல் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்து, உலகப் பட்டத்தையும் உடல் உச்ச வலிமையில் இருந்த மூன்றரை ஆண்டுகளையும் இழக்கத் துணிந்த ஒரு கறுப்பின வீரர் எவ்வளவு பெரியவராகத் தெரிந்திருப்பார் என்பதை நான் நன்றாக உணர்கிறேன். ஆனால் தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1976 ஜனவரியில்தான் தொடங்கியது. 1974இல் கின்ஷாசாவில் ஃபோர்மனுடனும் 1975இல் மணிலாவில் ஃப்ரேசியருடனும் அலி மோதியவை அவர்கள் காதால் கேட்டும் நாளிதழில் படித்தும் அறிந்த சண்டைகள். அந்தப் படச்சுருள்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதி நமக்கு இருக்கிறது. ஆகவே வளையத்துக்குள் நடந்ததை மட்டும் வைத்து எடைபோடுவது நம் கடமை என்று கருதுகிறேன்.

ஒரு வீரரை நான் அளப்பது, தன்னைத் தோற்கடித்த குறையை அவர் பிறகு என்ன செய்தார் என்பதைக் கொண்டுதான். 1936 ஜூனில் யாங்கி ஸ்டேடியத்தில் ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங் 12ஆம் சுற்றில் லூயிஸை வீழ்த்தினார். லூயிஸ் இடது கையால் ஜாப் (நேராக நீட்டி அடிக்கும் குத்து) அடித்துவிட்டுக் கையை நேராகத் தாடைக்குத் திருப்பாமல் சற்றே தாழ்த்தி இழுப்பார்; அந்தக் கண நேர இடைவெளியில் அவருடைய இடப்பக்கத் தாடை திறந்து கிடக்கும். ஷ்மெலிங் அதை முன்கூட்டியே கவனித்து வைத்திருந்து, ஒவ்வொரு ஜாபுக்கும் மேலாகத் தன் வலது குத்தை இறக்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1938 ஜூன் 22 அன்று, அதே அரங்கில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். இம்முறை இடது கை போன வழியே திரும்பி வந்தது; கால்கள் தரையில் ஊன்றியிருக்க, தோள் அதிகம் அசையாமல், அரை முழத்துக்குள் முடியும் குறுங்குத்துகள் அடுத்தடுத்து விழுந்தன. விலாப்புறத்தில் விழுந்த ஒரு வலது குத்தில் ஷ்மெலிங்குக்கு முதுகெலும்பில் முறிவே ஏற்பட்டது. மொத்தம் 124 நொடிகளில் ஆட்டம் முடிந்தது. பயிற்சியாளர் ஜாக் பிளாக்பர்ன் சொல்லிக்கொடுத்ததை இவ்வளவு முழுமையாக உள்வாங்கிய மாணவர் இந்தப் பிரிவில் வேறொருவர் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அலியை இதே அளவுகோலில் வைத்துப் பாருங்கள். வலது கையைத் தாழ்வாக வைத்து, குத்து வரும்போது தலையை நேர் பின்னால் இழுப்பது அவர் பழக்கம். 1963இல் லண்டனில் ஹென்றி கூப்பரின் இடது ஹுக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) அந்தத் திறப்பின் வழியே வந்து அவரைக் கீழே சாய்த்தது. எட்டு ஆண்டுகள் கழித்து மாடிசன் ஸ்கொயர் கார்டனில் 15ஆம் சுற்றில் ஃப்ரேசியரின் இடது ஹுக்கும் அதே வழியேதான் வந்தது. வேகமும் நெஞ்சுரமும் அந்தக் குறையை மூடி மறைத்தன. குறை மட்டும் கடைசிவரை இருந்தது. தன்னை வென்ற ஃப்ரேசியர், நார்ட்டன், ஸ்பிங்க்ஸ் மூவரையும் அவர் பின்னர் வென்றார் என்பது உண்மையே. ஆயினும் நார்ட்டனுடனான வெற்றிகள் இரண்டும் நடுவர்களின் புள்ளிக் கணக்கில் இழுபறியாக வந்தவை. மூன்றாவது சண்டையின் முடிவு இன்றும் விவாதத்துக்குரியது.

கின்ஷாசாவைப் பொறுத்தவரை எனக்கு மறுப்பே இல்லை. ஃப்ரேசியரையும் நார்ட்டனையும் இரண்டிரண்டு சுற்றுகளில் நொறுக்கிய, அதுவரை தோல்வியே காணாத 25 வயது ஃபோர்மனை, 32 வயதில் கயிற்றில் சாய்ந்து களைக்க வைத்து எட்டாம் சுற்றில் வீழ்த்தியதற்கு இணையான தனியொரு வெற்றி ஹெவிவெயிட் வரலாற்றில் கிடையாது. லூயிஸிடம் அத்தகைய ஓர் இரவு இல்லை. அவரிடம் இருப்பது 1937 முதல் 1949 வரை நீண்ட ஆட்சியும், 25 முறை தக்கவைத்த பட்டமும். எதிராளிகள் சாதாரணமானவர்கள் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. கார்னெரா, மாக்ஸ் பேயர், ஷார்க்கி, பிராடக், ஷ்மெலிங், வால்காட் ஆகிய ஆறு பேரும் முன்னரோ பின்னரோ உலகப் பட்டம் அணிந்தவர்கள். ஆறு பேரையும் அவர் முழுச் சுற்றுகள் முடியுமுன்பே வீழ்த்தியிருக்கிறார். 1940 டிசம்பரிலிருந்து மாதத்துக்கு ஒருவராக அழைத்து அடித்தார் என்று குறைசொல்பவர்கள், அந்த வரிசையில் 1941 ஜூனில் வந்தவர் பில்லி கான் என்பதை மறந்துவிடுகிறார்கள். 12 சுற்றுகள் வரை புள்ளியில் முன்னணியில் இருந்த கானை, 13ஆம் சுற்று முடிய இரண்டே நொடிகள் இருக்கும்போது லூயிஸ் சாய்த்தார். 1947இல் வால்காட் அவரை இருமுறை தரையில் தள்ளியும் தீர்ப்பு லூயிஸுக்கே கிடைத்தது. அந்தத் தீர்ப்பு தவறு என்றே நான் நினைக்கிறேன். மறு ஆண்டு அதே வால்காட்டை 11ஆம் சுற்றில் வீழ்த்தி அந்த ஐயத்தை அவரே தீர்த்துவைத்தார். இதற்கிடையே உலகப் போர் அவருடைய நான்கு ஆண்டுகளைத் தின்றுவிட்டது. அலி இழந்த காலத்தைப் பேசும் நாம் இதையும் பேச வேண்டும்.

மைக் டைசனை இந்தப் பட்டியலில் உயரே வைக்க எனக்கு மனம் வரவில்லை. 1990 பிப்ரவரி 11, எங்கள் நாட்டில் மண்டேலா சிறையிலிருந்து வெளியே நடந்து வந்த நாள், டோக்கியோவில் டக்ளஸ் அவரை வீழ்த்திய நாளும்கூட. அந்தக் கணக்கை டைசன் திரும்பிச் சென்று நேர்செய்யவே இல்லை. பிரிட்டன் வீரர் லெனக்ஸ் லூயிஸ் அவரைவிட மேலானவர். 2001 ஏப்ரலில் ஜோஹன்னஸ்பர்க் அருகே பிராக்பனில், மேட்டுநிலக் காற்றுக்கு உடலைப் பழக்கப் போதிய நாள் ஒதுக்காமல் வந்து ரஹ்மானிடம் ஐந்தாம் சுற்றில் விழுந்தார்; ஏழு மாதங்களுக்குள் லாஸ் வேகஸில் நான்காம் சுற்றிலேயே பதில் கொடுத்தார்.

ராக்கி மார்சியானோவின் 49 வெற்றி, தோல்வியே இல்லை என்ற கணக்கைக் காட்டி, அவர் ஜோ லூயிஸையே வீழ்த்தியவர் என்று வாதிடுவோர் உண்டு. 1951 அக்டோபரில் அவர் எதிரே நின்ற லூயிஸுக்கு வயது 37. ஓய்வு பெற்ற பிறகும் வரிக் கடன் துரத்தியதால் வளையத்துக்குத் திரும்பியவர் அவர். 1942இல் இரண்டு பட்டச் சண்டைகளில் கிடைத்த பணத்தைக் கடற்படை, தரைப்படை நலநிதிகளுக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் அந்தத் தொகைக்கும் சேர்த்தே வரி கேட்கப்பட்ட மனிதர். அவர் வீழ்ந்த அந்த எட்டாம் சுற்றை மார்சியானோவின் புகழில் ஒரு வரியாகச் சேர்ப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.