கிராணியார் பதில்கள்: தாழத் தொங்கும் பழம்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், என் பேரனின் அலுவலகத்தில் 'சினர்ஜி வாரம்' (ஒன்றுகூடி உழைப்பதாம்) கொண்டாடிக் கேக் வெட்டிய கதையை எழுதி, அலுவலகத்து ஆங்கிலப் பகட்டுச் சொற்களைக் கேலி செய்திருந்தேன். அதற்கு வந்த கடிதங்களிலும் புலனச் செய்திகளிலும் பாதி கேலி, பாதி அழுகை. இடம் உள்ளவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஈஜோக்கில் பிறந்து ஷா ஆலாமில் வேலை செய்கிறேன் ஐயா. எங்கள் மேலாளர் கூட்டத்துக்குக் கூட்டம், 'முதலில் லோ ஹேங்கிங் ஃப்ரூட்டைப் பறிப்போம்' என்கிறார். தலையாட்டிவிட்டு வருகிறேன். எதைத்தான் பறிக்கச் சொல்கிறார்?

தாழத் தொங்கும் பழத்தை, தம்பி. சுலபமான வேலையை முதலில் முடித்துப் பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். ஆப்பிள் தோட்டத்துப் பேச்சு அது. உங்கள் மேலாளர் செம்பனைக் காட்டுக்குள் ஒரு நாள்கூட நுழைந்ததில்லை என்று நான் பந்தயம் கட்டுவேன்.

செம்பனை நட்டு இரண்டரை, மூன்று வருடத்தில் முதல் குலை வெட்டுக்கு வரும். முழங்கால் உயரத்தில்தான் இருக்கும். அதைவிடத் தாழ எந்தப் பழமும் தொங்காது. ஆனால் இளமரத்தில் மட்டைகள் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். மட்டையின் அடியில் வரிசையாக முள். கன்றின் வளர்ச்சி கெடும் என்பதால் மட்டையை வெட்டவும் கூடாது. இரண்டு மட்டைகளுக்கு நடுவே உளியை விட்டு, காம்பை மட்டும் குத்தி, குலையைத் திருடுவதுபோல் உருவ வேண்டும். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அடுத்த வீட்டு அண்ணன் ஒருவர் இளங்காட்டில் வெட்டிவிட்டு வந்தால், சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து முன்கையில் ஏறிய முள்ளை ஊசியால் தோண்டுவார். நான் டார்ச் பிடிப்பேன். ஒருமுறை நகக்கண்ணில் ஏறிய முள் சீழ் வைத்து, ஒரு வாரம் அவருக்கு வேலை போயிற்று. இத்தனைக்கும் அந்தக் குலை மூன்று கிலோவோ நாலு கிலோவோதான். அண்ணாந்து, நீளக் கழியில் கட்டிய அரிவாளால் இழுக்கும் பெரிய மரத்தின் குலை இருபது கிலோவைத் தொடும். கூலியோ எடைக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குலை வெட்டுகிறவர் பழம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று முதலில் பார்ப்பதில்லை. தரையைப் பார்ப்பார். குலையிலிருந்து உதிர்ந்த பழம் விழுந்து கிடந்தால்தான் குலை பழுத்திருக்கிறது என்று அர்த்தம். கைக்கு எட்டுகிறதே என்று காயை வெட்டினால் ஆலையில் திருப்பி அனுப்புவார்கள், கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், கத்துவார். நான்தான் கத்தியிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். கடைக்குப் போய்வா என்றால், 'எனக்கு பேண்ட்விட்த் இல்லைம்மா' என்கிறாள். இணையக் கோளாறா? — ரவாங் வாசகி

இணையம் நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா. 'கை ஒழியவில்லை' என்று உங்கள் தாயார் சொன்னதைத்தான் அவள் தொலைத்தொடர்புக் கம்பத்தின் பாஷையில் சொல்கிறாள். வெங்காயம் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'டெட்லைன்' என்பதை என் மகன் பள்ளிக் கட்டுரையில் 'சாவுக் கோடு' என்று மொழிபெயர்த்து அடி வாங்கினான். சரியான தமிழ் என்ன?

அடித்த ஆசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிட்டு, பையனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில் சிறையில், 1864இல், வேலிக்கு உள்ளே ஒரு கோடு வகுத்திருந்தார்கள். அதைத் தாண்டிய கைதியைக் காவலர்கள் சுட்டுவிடலாம். அந்தக் கோட்டின் பெயர்தான் டெட்லைன். பத்திரிகை அலுவலகங்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது பிற்பாடு.

தமிழில் 'கெடு' இருக்கிறது. கடன் கொடுத்தவன் வைப்பது கெடு. அதே சொல்லுக்கு நாசமாகப் போ என்றும் பொருள். இதைவிடப் பொருத்தமாக யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: மற்றவர்களைக் கேலி செய்கிறீர்கள். பெரட்டு, மண்டோர், செக்ரோல், ஒட்டுப்பால் என்று நீங்கள் எழுதுவது மட்டும் என்ன? கோலாலம்பூரில் வளர்ந்த எனக்கு அவையும் புரியவில்லை.

நல்ல அடி. வாங்கிக்கொள்கிறேன்.

பெரட்டு என்பது ஆங்கிலத்தின் 'பரேட்'தான். விடியுமுன் ஆட்கள் வரிசையில் நிற்க, பெயர் கூப்பிட்டு, எந்த நிரையில் வேலை என்று பிரித்துவிடுவது. இன்று அதையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடத்தி 'டவுன்ஹால்' என்கிறார்கள். செக்ரோல் என்பது ஆட்களின் வருகையும் கூலியும் எழுதும் ஏடு. மண்டோர் என்றால் ஆட்களை மேற்பார்க்கிறவர்; போர்த்துகீசியரிடமிருந்து மலாய்க்கு வந்து நம்மிடம் சேர்ந்த சொல். இரவல் வாங்குவதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் ஒட்டுப்பால் என்று சொன்னால், ரப்பர் மரத்தில் முதல் நாள் சீவிய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்து என் உள்ளங்கையில் வைக்கலாம். தராசில் போடலாம். காசு எண்ணலாம். 'வேல்யூ எட்' (மதிப்புக் கூட்டல்) என்பதை எந்தத் தராசில் போடுவது? பால் கொட்டகையில் மெட்ரோலாக் என்று ஒரு கருவி இருந்தது. வாளிப் பாலில் அதை மிதக்கவிடுவார்கள். யாராவது வழியில் ஓடைத் தண்ணீரைக் கலந்திருந்தால் அது உயர மிதந்து காட்டிக்கொடுத்துவிடும். கூட்ட அறையிலும் ஒன்று இருந்தால் பாதிப் பேர் வெறும் வாளியோடுதான் வீடு திரும்புவார்கள்.

நானும் யோக்கியனல்ல. அறிக்கையில் மாதாமாதம், 'தொழிலாளர் நிலை திருப்திகரம்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவன். லயத்துக் குழாயில் ஒன்பது நாள் தண்ணீர் வராத மாதத்திலும் அதே வரிதான் போயிற்று. தோட்ட நிர்வாகியான துரை கையெழுத்துப் போட்டார். அந்த ஒன்பது நாளும் என் மனைவி ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்தாள்.

கேள்வி: 22 வருடம் உழைத்த இடத்திலிருந்து, 'ரைட்சைசிங் பயணத்தின் ஒரு பகுதியாக உங்கள் பொறுப்பு விடுவிக்கப்படுகிறது' என்று கடிதம் வந்திருக்கிறது. மூன்று முறை படித்தும் வேலை போய்விட்டதா இல்லையா என்று தெரியவில்லை. — கோல சிலாங்கூர் வாசகர்

போய்விட்டது, ஐயா. அதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல் 'பயணம்' என்று எழுதியிருக்கிறார்கள்.

1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர்த் தோட்டங்களைக் கூறு போட்டு விற்றபோது, நம் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் 'துண்டாடல்'. நிலமும் துண்டாயிற்று, குடும்பமும் துண்டாயிற்று. சொல்லைக் கேட்டவுடனே ஆபத்து புரிந்தது. அமைச்சர் துன் சம்பந்தன், தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்ட மக்களிடம் அவர் நீண்ட விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றே 'ரைட்சைசிங்' என்றிருந்தால் என் அப்பா அதை ஏதோ சட்டை அளவு என்று நினைத்திருப்பார்.

இப்போது வேலைக்கு வருவோம். கடிதம் எந்தப் பாஷையில் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். மலேசியாவின் 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆள்குறைப்பின்போது வருடத்துக்கு 20 நாள் சம்பளம் குறையாமல் தர வேண்டும். உங்கள் சம்பளம் அந்த விதிக்குள் வருகிறதா என்று தொழிலாளர் இலாகாவில் கேளுங்கள். நீக்கியதே அநியாயம் என்று தோன்றினால், வேலை போன நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுங்கள். 61ஆம் நாள் போனால் பயனில்லை. கடிதத்தின் உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: அரசாங்கமும் இப்படித்தானே பேசுகிறது?

2009இல் அமைச்சர்களுக்கே கே.பி.ஐ., அதாவது வேலையை அளக்கும் இலக்கு, வைத்தார்கள். அதைக் கவனிக்க ஒரு பிரிவு. அதன் சுருக்கப் பெயர் பெமாண்டு. மலாயில் அதற்கு ஓட்டுநர் என்று பொருள். எங்கள் ஊர் லாரி ஓட்டுநர் ஒருவர் தனக்கும் பதவி உயர்வு வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கேள்வி: உங்கள் ஊரின் பெயர் பத்தாங் பெர்ஜுந்தையா, பெஸ்தாரி ஜெயாவா?

பத்தாங் என்றால் மரத்தண்டு, பெர்ஜுந்தை என்றால் தொங்குகிற. ஊர்ப் பெயரைச் சொன்னால் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். பெஸ்தாரி என்றால் அறிவாளி. பெயர்ப் பலகை மாறிய மறுநாள் காலை பசியாறப் போனேன். அதே கடை, அதே ரொட்டி சானாய், பாக்கிக் கணக்கும் அதே நோட்டில். நான் இன்னும் உறையின் பின்பக்கம் பழைய பெயரைத்தான் எழுதுகிறேன். பதில் கடிதங்கள் ஒழுங்காக வந்து சேர்கின்றன.