ஈ.கோலை ஏன் சர்க்கரையைத் தேடி வரவில்லை?

கேள்வி: முதுகலை நுண்ணுயிரியல் மாணவன் நான். 1.5 சதவீத அகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) தட்டின் நடுவில் ஈ.கோலை பாக்டீரியாவை வைத்து, 3 செ.மீ. தள்ளிக் குளுக்கோஸ் ஒரு சொட்டு விட்டேன். 37 டிகிரியில் இரண்டு நாள் வைத்தும் சர்க்கரைப் பக்கம் நகரவில்லை. எங்கே தப்பு?

பதில்: முதலில் அகார். 1.5 சதவீதம் ஈ.கோலைக்குச் சுவர் மாதிரி. 0.25 முதல் 0.3 சதவீதம் வரை இறக்கினால்தான் உள்ளே நீந்த வழி கிடைக்கும்.

அடுத்தது தூரம். 3 செ.மீ. கடந்து குளுக்கோஸ் பரவி வரவே நாட்கணக்கில் ஆகும். தன்மேல் வந்து படும் மூலக்கூறைத் தவிர வேறெதையும் ஈ.கோலை அறியாது. உடல் நீளமே சுமார் 2 மைக்ரோமீட்டர். அதனால் முன்முனையையும் பின்முனையையும் ஒப்பிடாமல், நேரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது: சில விநாடிக்கு முன் இருந்ததைவிட இப்போது கூடுதலா? கூடுதல் என்றால் நேரான நீச்சல் நீளும். இல்லையென்றால் சீக்கிரமே ஒரு குட்டிக்கரணம் அடித்து, ஏதோ ஒரு பக்கம் திரும்பும். உணவு மூலக்கூறு ஏற்பியில், அதாவது அதை உணரும் புரதத்தில், ஒட்டும்போது செல்லுக்குள் சீ-ஒய் (CheY) என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏறுவது குறைகிறது. கசையிழையை (நீந்த உதவும் வால் போன்ற இழையை) சுழற்றும் மோட்டாரைக் கடிகாரத் திசைக்கு மாற்றிக் குட்டிக்கரணம் போட வைப்பது அந்தப் பாஸ்பேட் ஏறிய சீ-ஒய்தான். அப்புறம் ஏற்பியில் மெத்தில் தொகுதிகள் ஏறி, உணர்வு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆகவே சர்க்கரை எங்கும் ஒரே அளவில் இருந்தால், அது எவ்வளவு இருந்தாலும் போகத் திசை இருக்காது.

குளுக்கோஸில் இன்னொரு வம்பும் உண்டு. தாராளமாகக் கிடைத்தால் ஈ.கோலை கசையிழை செய்வதையே குறைத்துக்கொள்ளும்.

சரி, இப்படிச் செய்யுங்கள். 1 சதவீத டிரிப்டோன் (புரதத்தைச் செரிக்க வைத்து எடுத்த உணவு), 0.5 சதவீத உப்பு, 0.25 சதவீத அகார். நடுவில் குத்தி வைத்து, 30 டிகிரியில் எட்டுப் பத்து மணி நேரம் விடுங்கள். தட்டைக் கவிழ்க்காதீர்கள், கூழ் சரிந்துவிடும். சொட்டு எதுவும் வேண்டாம். சுற்றியுள்ள உணவைத் தின்று தீர்த்து, ஏற்ற இறக்கத்தை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். இப்படிக் கூட்டமாக நகர்வதை 1966இல் உயிர்வேதியியலாளர் ஜூலியஸ் அட்லர் காட்டினார். கூட்டம் வளையம் வளையமாக விரியும்: வெளி வளையம் செரின் என்ற அமினோ அமிலத்தைத் துரத்துவது, உள் வளையம் அஸ்பார்டேட் என்ற இன்னொரு அமினோ அமிலத்தை.

அதற்கு முன் ஒரு சொட்டு வளர்ப்பை நுண்ணோக்கியில் பாருங்கள். ஆய்வகத்தில் பலகாலம் வளர்த்த சில வகைகள் சரியாக நீந்துவதே இல்லை. நீந்தியும் வளையம் வரவில்லையா? குட்டிக்கரணம் போடத் தெரியாத திரிபாக (மரபணு மாறிய வகையாக) இருக்கலாம். அது நேராகவே போய், அகாரின் முட்டுச்சந்துகளில் மாட்டிக்கொள்ளும்.