ப்ரோபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டால் உடல் எடை குறையுமா? தயிர் மட்டும் போதாதா?

உடலுக்கு நன்மை செய்யும் என்று கொடுக்கப்படும் உயிருள்ள நுண்ணுயிர்தான் ப்ரோபயாட்டிக். அந்த மாத்திரையை விற்பவன் நான். மன்னார்குடியில் 19 ஆண்டுகளாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். 78 கிலோ இருப்பதாகவும், மூன்று மாதத்துக்கான ப்ரோபயாட்டிக் விளம்பரம் ஒன்றைக் கைபேசியில் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். எடைக்காக என்றால் வாங்காதீர்கள். என் கடையிலும் வாங்க வேண்டாம்.

இதைச் சொல்ல எனக்குச் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விற்பனைப் பிரதிநிதி வழுவழுப்பான துண்டுப் பிரசுரம் ஒன்றோடு வந்தார். இடுப்பில் அளவு நாடா சுற்றிய ஒரு பெண்ணின் படம், கீழே, “12 வாரங்களில் வயிற்றுக் கொழுப்பு குறைகிறது: ஜப்பானிய ஆய்வு.” போகும்போது இலவச மாதிரியாக ஒன்பது மாத்திரைப் பட்டைகளை வைத்துவிட்டுப் போனார். அப்போது நான் 84.2 கிலோ. கடை வாசலில் எடை பார்க்கும் இயந்திரம் நம்முடையதே. காசு போட வேண்டியதில்லை. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் ஏறி நின்று, பில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். மூன்று மாதம் முடிந்தபோது 82.7.

ஒன்றரைக் கிலோ! வீட்டில் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பதினோரு மணி டீயோடு சாப்பிடுகிற இரண்டு வடை என்ன ஆயிற்று?” உண்மைதான். தினமும் எடை பார்க்கிற கூச்சத்தில் வடையை விட்டிருந்தேன். குறைத்தது மாத்திரையா வடையா என்று எனக்கு எப்படித் தெரியும்? மாதிரி தீர்ந்தது, வடை திரும்பியது, தீபாவளிக்குள் பழைய 84 வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பிரசுரத்தின் பொடி எழுத்தைப் படித்தேன். ஆய்வு பொய் இல்லை. 2010-இல் வெளிவந்தது. ஜப்பானில் 87 பேருக்கு 12 வாரம் தினமும் 200 கிராம் புளிக்க வைத்த பால் கொடுத்தார்கள். ஒரு பிரிவினரின் பாலில் ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிர் இருந்தது, மறு பிரிவினரின் பாலில் இல்லை. இருந்த பிரிவில், வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு சராசரியாக 4.6 சதவீதம் குறைந்தது. உடல் எடை குறைந்தது 1.4 சதவீதம். என்னுடைய 84 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 1.2 கிலோ கூட வராது. 2013-இல் அதே குழுவினர் 210 பேரை வைத்து மறுபடியும் செய்தார்கள். கொழுப்பு குறைந்தது, பாலை நிறுத்திய நான்கு வாரத்தில் அந்தப் பலன் மங்கத் தொடங்கியது. பிரசுரத்தில் இந்த இரண்டாவது ஆய்வைக் காணவில்லை.

இதைவிடப் பெரிய சங்கதி பெயரில் இருந்தது. ஆய்வில் கொடுத்த நுண்ணுயிரின் முழுப்பெயர் லாக்டோபாசில்லஸ் காசெரி எஸ்பிடி2055. பட்டையைத் திருப்பினேன். லாக்டோபாசில்லஸ் காசெரி என்று இருந்தது, கூடவே வேறு ஐந்து பெயர்களும் இருந்தன. அந்த வால், எஸ்பிடி2055, எங்குமே இல்லை. அந்த வாலில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஆடுதுறை 45-உம் நெல்தான், மாப்பிள்ளைச் சம்பாவும் நெல்தான். ஒன்று மூன்றரை மாதத்தில் அறுவடைக்கு வரும், மற்றது ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும். விதைக் கடைக்காரர் “நெல்” என்று மட்டும் எழுதிய மூட்டையைக் கொடுத்தால் எந்த விவசாயி வாங்குவார்? நுண்ணுயிரிலும் ரகம் உண்டு. ஒரு ரகம் செய்வதை அதன் பங்காளி ரகம் செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அடுத்த மாதம் வந்த பிரதிநிதியிடம் இது எந்த ரகம் என்று கேட்டேன். “கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் சார்” என்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

எடைக்கும் குடல் நுண்ணுயிருக்கும் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. இந்த ஆசை முளைத்த இடம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டன் நடத்தும் ஆய்வுக்கூடம். 2006-இல் பருத்த எலியின் குடல் நுண்ணுயிர்களை எடுத்து, நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்தபோது, ஒல்லி எலியிடமிருந்து பெற்றவற்றைவிட அவை அதிகக் கொழுப்பு சேர்த்தன. 2013-இல் மனித இரட்டையர்களின் மலத்தை வைத்தும் இதையே காட்டினார்கள். ஆனால் எலிக்குக் கொடுத்தது ஒரு முழுக் காடு. நாம் விழுங்குவது ஆறு செடி. நம் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கூட்டம் புதிதாக வருபவர்களுக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. பலருக்கு மாத்திரையை நிறுத்தியதும் அவையும் வெளியேறிவிடுகின்றன.

மனிதர்களிடம் செய்த 15 சோதனைகளை, மொத்தம் 957 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு 2018-இல் வந்தது. ஒப்பிடுவதற்காக நுண்ணுயிர் இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட ப்ரோபயாட்டிக் எடுத்தவர்கள் கூடுதலாக இழந்தது சராசரியாக 600 கிராம். என் கடை இயந்திரத்தில் செருப்போடு ஏறினாலே அந்த வித்தியாசம் காட்டும். கனடாவின் லாவல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் (அது வேறு ரகம்) உணவுக் கட்டுப்பாட்டோடு சேர்த்து எடுத்த பெண்கள் 12 வாரத்தில் 4.4 கிலோ குறைந்தார்கள். எடுக்காத பெண்கள் 2.6 கிலோ. ஆண்களிடம் வித்தியாசமே இல்லை. விளம்பரத்தில் அந்தக் கடைசி வாக்கியத்தைத் தேடிப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்னதால் ப்ரோபயாட்டிக் என்பதே ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒடிசாவின் கிராமங்களில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளை வைத்து நடந்த சோதனை 2017-இல் வெளிவந்தது. பிறந்த சில நாட்களில் தொடங்கி ஒரே ஒரு வாரம், லாக்டோபாசில்லஸ் பிளான்டாரத்தின் ஒரு ரகத்தை, அதற்கு உணவாகும் சர்க்கரைப் பொருள் ஒன்றோடு சேர்த்துக் கொடுத்தார்கள். இரத்தத்தில் கிருமி பரவும் நோயோ இறப்போ நேர்ந்தது 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. இதைப் படித்த அன்று கடையைப் பூட்டிவிட்டுப் போகவே எனக்கு மனம் வரவில்லை. குறித்த ரகம், குறித்த அளவு, குறித்த வேலை. அங்கே பலன் கிடைக்கிறது.

ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது வரும் வயிற்றுப்போக்குக்கு மருத்துவர்கள் எழுதும் சாக்கரோமைசஸ் பௌலார்டியும் அப்படித்தான். அது பாக்டீரியா இல்லை, ஈஸ்ட். அதனால் ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்வதில்லை. 1920-களில் இந்தோசீனாவில் (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) காலரா பரவியபோது, லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல் கஷாயம் குடித்தவர்கள் தப்பியதைக் கவனித்து ஆன்றி பௌலார் என்ற பிரெஞ்சுக்காரர் பிரித்தெடுத்தது. பாக்டீரியா வகை மாத்திரை என்றால் ஆன்டிபயாட்டிக்குக்கும் அதற்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லித்தான் நான் கொடுப்பேன்.

ஒரு எச்சரிக்கை. “இயற்கையானது, கெடுதல் செய்யாது” என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்கு ப்ரோபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வந்தது: எடுத்தவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், எடுக்காதவர்களில் 6 சதவீதம். தீவிர சிகிச்சையில் இருப்பவர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், குறைமாதக் குழந்தை ஆகியோருக்கு மருத்துவர் சொல்லாமல் இது கூடாது.

இனி தயிர். வீட்டுத் தயிரில் உயிருள்ள நுண்ணுயிர் நிறைய இருக்கிறது. உறை மோர் பக்கத்து வீட்டிலிருந்து வந்ததா, மாமியார் வீட்டிலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்து ரகம் மாறும். அதனால் அறிவியல் கணக்குப்படி அதை ப்ரோபயாட்டிக் என்று அழைக்க முடியாது. நல்ல உணவு என்று தாராளமாக அழைக்கலாம். கொதிக்கிற சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் பாதி செத்துவிடும், ஆறவிட்டுப் பிசையுங்கள். “இட்லி மாவும் புளிக்கிறதே அண்ணா?” என்று ஒரு தங்கை கடையில் கேட்டாள். புளிக்கிறது, ஆனால் இட்லிப் பானையின் ஆவியில் அவை தப்புவதில்லை. பழைய சோற்றில் தப்புகின்றன, அதை யாரும் சுட வைப்பதில்லையே. கூடவே கடிக்கிற சின்ன வெங்காயத்தில் குடல் நுண்ணுயிர்களுக்குப் பிடித்த நார்ப்பொருள் இருக்கிறது. குப்பியில் வரும் இனிப்பான பால் பானம் வாங்குவதானால் சர்க்கரை எத்தனை கிராம் என்று முதலில் பாருங்கள். எடை குறைக்கக் குடிக்கிறவர் சர்க்கரையைக் குடிப்பது எனக்குப் புரியவில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் பட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் எண்ணோ எழுத்தோ சேர்ந்த ரகக் குறியீடு இருக்கிறதா? எத்தனை கோடி சிஎஃப்யூ (உயிரோடு பெருகக்கூடிய நுண்ணுயிர்களின் எண்ணிக்கை), அது தயாரித்த நாளின் கணக்கா, காலாவதி நாள் வரைக்குமா? நம் நாட்டு விதிப்படி ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி இருக்க வேண்டும். குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தால், கூரியரில் மூன்று நாள் வெயிலில் வந்த பெட்டிக்குள் எத்தனை உயிரோடு இருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பின்பக்கத்தைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள். இரவு ஒன்பதரைக்குக் கடை அடைத்ததும் பார்த்துச் சொல்கிறேன்.