ஸ்கேனர் வாங்கும் முன் ஆல்பத்தைத் திறந்து பாருங்கள்

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். அப்பா காலத்துக் கருப்பு வெள்ளைப் படங்கள், எங்கள் கல்யாண ஆல்பம், கொஞ்சம் நெகட்டிவ், பிளாட் அக்ரிமென்ட் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைக்க ஆசை. லேமிங்டன் ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் விசாரித்தால், பிரிண்டரும் ஸ்கேனரும் சேர்ந்த, தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஆல்-இன்-ஒன் வாங்குங்கள், எல்லாம் அதிலேயே ஆகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பழைய படங்களை மட்டும் அந்த இழுவையில் தயவுசெய்து விடாதீர்கள். ஏ.டி.எஃப். என்கிற அந்தப் பகுதியில் ரப்பர் உருளைகள் தாளை வளைத்து இழுக்கின்றன. மும்பை மழைக்காலங்களில் நமுத்து ஓரம் சுருண்ட படம் அதில் கீறுபடும், சிக்கினால் கிழியும். வேறு பிரதி இல்லாத படம் அது. பிரிண்டரும் வேண்டும் என்றால் ஆல்-இன்-ஒன் வாங்கி, மூடியைத் திறந்து கண்ணாடியில் வைத்து எடுங்கள். பிரிண்டர் வேண்டாம் என்றால் கேனான் லைட் 300 மாதிரி ஒரு பிளாட்பெட், அதாவது கண்ணாடியில் வைத்து எடுக்கும் ஸ்கேனர் போதும். மெல்லியது, யூ.எஸ்.பி. வயரிலேயே ஓடும்.

இந்த மெல்லிய ரகத்தில் ஒரு குறை உண்டு. கண்ணாடியோடு ஒட்டிக் கிடப்பதைத்தான் தெளிவாகப் பிடிக்கும். தடித்த ஆல்பத்தை அப்படியே கவிழ்த்தால் நடுமடிப்புப் பக்கம் மங்கும். எளிதாக வரும் படங்களைக் கழற்றி வையுங்கள். பசையில் ஒட்டிக்கொண்டதைப் பிய்க்க வேண்டாம்; ஜன்னல் வெளிச்சத்தில் போனில் எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் 4800, 9600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள்) என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஆவணத்துக்கு 300, படத்துக்கு 600 போதும். நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600-இல் எடுத்தால் 2400-க்கு 3600 புள்ளிகள். இரண்டு மடங்கு நீள அகலத்தில் பிரிண்ட் போட்டாலும் நன்றாகவே வரும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் தூசியும் கீறலும்தான் பெரிதாகத் தெரியும்.

நெகட்டிவ் வேறு கதை. அதற்கு மூடியிலும் விளக்கு வேண்டும், சாதாரண பிளாட்பெட்டில் அது கிடையாது. எப்சன் வி600-இல் உண்டு, ஆனால் விலை பல மடங்கு. கொஞ்சம்தான் என்கிறீர்களே, நல்ல போட்டோ லேபில் கொடுத்து 2400 டி.பி.ஐ.க்குக் குறையாமல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நெகட்டிவைத் திரும்ப வாங்க மறக்க வேண்டாம்.

அக்ரிமென்டை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். நம் ஊர் பத்திரங்கள் பலவும் லீகல் சைஸ், 356 மில்லிமீட்டர் நீளம். ஏ4 கண்ணாடி 297 தான். கிட்டத்தட்ட ஆறு சென்டிமீட்டர் வெளியே நிற்கும், கையெழுத்தும் முத்திரையும் பெரும்பாலும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கும்! லீகல் தாளை ஏ.டி.எஃப். இழுக்கும், சரி, ஆனால் அதற்காகப் பதிவான பத்திரத்தின் தையலைப் பிரிக்கலாமா? கூடாது. போனில் கூகுள் டிரைவ் செயலியின் ஸ்கேன் வசதியைத் திறந்து, நேர் மேலிருந்து பக்கம் பக்கமாக எடுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள அது தாராளம். அசலை மட்டும் பத்திரமாக வையுங்கள், ஸ்கேன் அதற்கு ஈடாகாது.

எதை வாங்கினாலும் உங்கள் கம்ப்யூட்டருக்கான டிரைவர், அதாவது ஸ்கேனரை இயக்கும் மென்பொருள், அதைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரன்டி தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: தாராவியில் தோல் பை வியாபாரம். தினமும் கட்டுக்கட்டாக பில். எந்த ஸ்கேனர்?

பதில்: உங்களுக்கு ஏ.டி.எஃப். தான் சரி. ஒரே இழுப்பில் இரண்டு பக்கமும் எடுக்கும் ரகமாகப் பாருங்கள். உருளைகள் தேயும், மாற்று உருளை மும்பையில் கிடைக்கிறதா, என்ன விலை என்று வாங்கும்போதே கேளுங்கள். சூட்டில் அச்சாகும் தெர்மல் பில்கள் வெளுத்துவிடும், வந்த அன்றே எடுத்துவிடுங்கள். ஸ்டேப்ளர் பின்னை நீக்கிவிட்டு விடுங்கள். எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு விழுந்தால் பெரும்பாலும் உள்ளே கண்ணாடிப் பட்டையில் தூசிதான், மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும்.