மறு: பையனால் பேக்பைப் ஊத முடியவில்லை, என்ன செய்ய?

கிளாஸ்கோவில் இருந்துகொண்டு 10 வயதுப் பையனுக்கு எடுத்த எடுப்பில், பையில் காற்றை ஊதி நிரப்பி வாசிக்கும் முழு பேக்பைப்பா! மூச்சு வாங்கி அழாமல் என்ன செய்வான்? கொஞ்ச நாள் அதைப் பரண்மேல் வையுங்கள். பிராக்டிஸ் சாண்டர் வாங்குங்கள். பையில்லாத சிறு குழல்தான், சத்தம் குறைவு. பக்கத்து வீட்டுக்காரரும் பிழைப்பார். உள்ளே நம் நாதஸ்வரச் சீவாளி மாதிரி இரட்டை நாக்கு. மொத்தம் 9 சுரம்தான், ஆனால் விரல் பழக மாதக்கணக்காகும்.

ஸ்காட்லாந்து அரசுப் பள்ளிகளில் 2021 முதல் இசைக்கருவி வகுப்புக்குக் கட்டணமில்லை. அவன் பள்ளியில் பேக்பைப் வகுப்பு உண்டா என்று கேளுங்கள்.

ஆகஸ்டில் உங்கள் ஊரிலேயே ‘பைப்பிங் லைவ்’ என்ற பேக்பைப் விழா. அதையொட்டி கிளாஸ்கோ கிரீனில் உலக பைப் பேண்ட் (பேக்பைப்பும் டிரம்மும் சேர்ந்த குழு) போட்டி. இளையோருக்கென்றே ஜுவனைல், நாவிஸ் ஜுவனைல் பிரிவுகள் உண்டு. கூட்டிப்போங்கள். வாசித்துவிட்டு வரும் பிள்ளைகளோடு அவனே பேசட்டும், நீங்கள் தள்ளி நில்லுங்கள்.